அவசரம்: போன்ல சொன்னா மட்டும் பால் கணக்கு தப்பா விழுது

கொழிஞ்சி_பையன்:
பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைல ஒரு பால் சங்கத்துக்கு வேலை செய்யறேன். மாட்டுக்காரங்க போன் போட்டு எத்தனை லிட்டர்னு சொன்னா, கம்ப்யூட்டரே கேட்டு எழுதி கணக்குல ஏத்தணும். என் மொபைல்ல பேசிப் பாத்தா பிசகாம எழுதுது. லைன்ல வந்தா கண்டபடி. ஒரு அக்கா ஏழே முக்கால்னு சொன்னா "எல்லாம் போகல"ன்னு விழுது. நாளைக்குக் காலைல காட்டணும்ங்க.

வாளையாறு_வயர்:
பேச்சை எழுத்தாக்கறது என்ன மாடல்? எங்க பதிவாகுது? ஃபைல் என்ன வடிவம்?

தேங்காமண்டி:
மலையாளம் கலந்து பேசறாங்க, அதான். மொழியை மாத்திப் பாருங்க.

சித்தூர்க்காரி:
முக்காலு ரெண்டுலயும் முக்காலுதானுங்க.

பழைய_எக்ஸ்சேஞ்ச்:
மாசம் ஒருத்தர் இதையே கேக்கறாங்க, தேடிப் பாக்க ஆளில்ல. தம்பி, போன் லைன் 300-லேருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் கொண்டுவரும். நொடிக்கு 8000 சாம்பிள், அதாவது சத்தத்தை அத்தனை தடவை அளந்து எடுக்கும். ஸ சத்தத்தோட காரமெல்லாம் அதுக்கு மேல, வழியிலேயே போயிடும். விஸ்பர் மாதிரி பேச்சை எழுத்தாக்கற மாடல் எல்லாம் 16000-ல பழகினது.

கொழிஞ்சி_பையன்:
16000-க்கு மாத்திதான் குடுக்கறேன்ங்ணா.

பழைய_எக்ஸ்சேஞ்ச்:
தண்ணிப் பாலைப் பெரிய குண்டால ஊத்தினா கொழுப்பு ஏறுமா? நல்ல பதிவுகளை 8000-க்கு இறக்கி, போன் கோடெக் (சத்தத்தைச் சுருக்கி அனுப்பற முறை) வழியா விட்டு எடுத்து, அதுல மாடலைத் திரும்பப் பழக்கணும். ஒரு ராத்திரி வேலை இல்ல.

தேங்காமண்டி:
எதுக்கு இவ்வளவு? பட்டன் அமுத்தச் சொல்லுங்க. 7, ஸ்டார், 75. முடிஞ்சது.

சித்தூர்க்காரி:
எங்கம்மா கறக்கறப்பவே ஸ்பீக்கர்ல பேசறவங்க. கை பூரா பால். ஸ்டார் எங்கன்னு தேடறதுக்குள்ள கன்னுக்குட்டி மிச்சத்தைக் குடிச்சிரும்.

தேங்காமண்டி:
கையைத் துடைச்சுட்டு அமுத்தலாமே.

சித்தூர்க்காரி:
நீங்க ஒருநாள் வந்து கறங்க, அப்பறம் பேசலாம்.

வாளையாறு_வயர்:
சண்டை அப்புறம். கொழிஞ்சி, பதிவை ஹெட்போன்ல கேளுங்க. அந்தக்கா பேசாம நிக்கிற இடத்துல என்ன கேக்குது?

கொழிஞ்சி_பையன்:
தகரத்துல மழை பேஞ்ச மாதிரி கரகரன்னு. லைனே அப்படின்னு விட்டுட்டேன். ஆஸ்டரிஸ்க்னு போன் கால் எடுக்கற சாஃப்ட்வேர்ல பதிவாகுது, ஃபைலுக்குத் தலைப்பு (என்ன வடிவம்னு சொல்ற முன்பகுதி) கிடையாது.

வாளையாறு_வயர்:
இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்! ஜி.711-னு போன் சத்தத்தை எண்ணாக்கற கோடெக்ல ரெண்டு ஜாதி. நம்ம நாட்டுல ஏ-லா, அமெரிக்காலயும் ஜப்பான்லயும் மியூ-லா. தலைப்பு இல்லாத ஃபைல்ல எதுன்னு நாமதான் சொல்லணும். நீங்க எங்கயோ எடுத்த ஸ்கிரிப்ட்ல மியூ-லான்னு இருக்கும். ஏ-லால மௌனத்துக்கு வர்ற பைட்டு ஹெக்ஸ்ல (பதினாறு அடிமான எண்ல) 55, டி5. அதையே மியூ-லாவா படிச்சா மௌனம் இல்ல, மேலயும் கீழயும் குதிக்கற இரைச்சல். உங்க மழை அதுதான்.

பழைய_எக்ஸ்சேஞ்ச்:
நான் சொல்ல வந்ததும் இதேதான்.

வாளையாறு_வயர்:
நீங்க சொன்னது சரிங்கய்யா, ஆனா அது இவரோட அடுத்த மாசப் பிரச்சனை.

கொழிஞ்சி_பையன்:
ஏ-லான்னு மாத்திட்டேன். மழை நின்னுருச்சு. ஏழே முக்கால் வந்துருச்சு!! 20 பதிவுல 3 இன்னும் தப்பு. நன்றிங்ணா, தூங்கப் போறேன்.

தேங்காமண்டி:
பட்டன்னா அந்த 3-ம் வந்திருக்காது.