அயித்தைமார் கதையும் அறிக்கையும்: நம் அனுபவங்கள்

காரைக்குடிப் பெண், வயது 42:

போன ஆண்டு எனக்கு இடது மார்பில் புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்து மதுரைக்குப் போனோம். மரபியல் ஆலோசகர் எடுத்த எடுப்பில், "அப்பா வீட்டில் யாருக்காவது உண்டா?" என்றார். நான் ஆயா வீட்டுக் கதையைத்தான் மனத்தில் அடுக்கி வைத்திருந்தேன். பெண்களுக்கு வருகிற நோய் தாய்வழியாகத்தானே வரும் என்ற நினைப்பு. அது தவறாம். பழுதானால் மார்பகப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் மரபணுக்கள் இரண்டு: பிஆர்சிஏ1 17ஆவது குரோமோசோமிலும் பிஆர்சிஏ2 13ஆவதிலும் இருக்கின்றன. ஆணுக்கும் பெண்ணுக்கும் உண்டு. அப்பச்சியிடம் (எங்கள் பக்கத்தில் அப்பா) பழுது இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

ஊருக்கு வந்து அப்பச்சியின் பெட்டகத்தைக் குடைந்தேன். அவர் உடன்பிறந்த அயித்தைமார் இருவரின் கல்யாணச் சாமான் பட்டியலும் பத்திரமாக இருந்தன. வெள்ளிக் குத்துவிளக்கு, பித்தளை அண்டா, எவர்சில்வர் தூக்கு... ஒரு கரண்டிகூட விடுபடவில்லை. அந்தப் பெண்கள் எதனால் செத்தார்கள் என்பதற்கு ஒரு வரி கிடையாது.

86 வயது உறவுக்கார ஆச்சி ஒருவர் வளவில் உட்கார்ந்து வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே சொன்னார்: "பெரியவளுக்கு மாரில் கட்டி, ஆத்தா. வெளியே சொல்லவில்லை. சின்னவளுக்கு மகோதரம். வயிறு பானையாக வீங்கிப் போய்ச் சேர்ந்தாள்."

மதுரைக்குத் திரும்பிப் போய் இதைச் சொன்னேன். மகோதரம் என்றதும் ஆலோசகரின் பேனா நின்றது. சினைப்பைப் புற்றுநோயிலும் வயிற்றில் நீர் கோக்கும். இந்த மரபணுக்கள் பழுதானால் அதற்கும் ஆபத்து கூடும். ரத்தப் பரிசோதனையில் எனக்கு பிஆர்சிஏ1 பழுது என்று வந்தது. சிகிச்சை முடிந்தபின் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுத்துவிட்டேன். தங்கைக்கு அந்தப் பழுது இல்லை. அன்று என்னைவிட அவள்தான் அதிகம் அழுதாள்.

அமெரிக்க மரபியல் ஆய்வாளர் மேரி-கிளேர் கிங் 1990இல் பிஆர்சிஏ1 மரபணுவின் இருப்பிடத்தைக் காட்டியதும் 23 குடும்பங்களின் நோய்க்கதைகளைத் திரட்டித்தானாம். நம் வீட்டு ஆச்சிமார் வாயைத் திறந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன்.

கானாடுகாத்தான் பெண்:

என் மரபணுப் பரிசோதனை அறிக்கையில் 'பொருள் தெளிவாகாத மாறுபாடு' என்று இருந்தது. மரபணுவில் ஒரு மாற்றம் உண்டு, அது தீங்கானதா இல்லையா என்று இன்னும் தெரியாது என்று அர்த்தம். அன்றிரவே வீட்டில் மார்பகத்தை எடுத்துவிடலாமா என்று பேச்சு. ஆலோசகர் கடிந்துகொண்டார்: இதை மட்டும் வைத்து அறுவைச் சிகிச்சை கூடாது, இப்படி வருபவற்றில் பெரும்பாலானவை பின்னாளில் தீங்கற்றவை என்றுதான் திருத்தப்படுகின்றன. அதோடு, மார்பகப் புற்றுநோயில் நூற்றுக்கு 5 முதல் 10 வரைதான் பரம்பரையாக வருவது என்றார். அதன்பிறகுதான் சோறு இறங்கியது.

தேவகோட்டை ஆண், வயது 54:

என் தங்கைக்கு பிஆர்சிஏ2 பழுது. என்னையும் பரிசோதிக்கச் சொன்னார்கள். ஆம்பளைக்கு எதற்கு என்று எட்டு மாதம் கடத்தினேன். எனக்கும் இருக்கிறது. ஆணுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும், அரிதாக. பிராஸ்டேட் புற்றுநோய்க்கும் வாய்ப்பு கூடுமாம்.

என் கவலை அதுவல்ல. மூத்த மகளுக்கு 23 வயது, ஜாதகம் எடுத்திருக்கிறோம். கல்யாணம் முடியட்டும், பிறகு சொல்லலாம் என்றாள் மனைவி. சொல்லாமலே விட்டுத்தானே இவ்வளவும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளை உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன். அறிக்கையை இரண்டு முறை படித்தாள். "எனக்கும் இருந்தால் 25 வயதிலிருந்து வருடா வருடம் எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். ஒரு தடவைக்கு எவ்வளவு ஆகும் அப்பச்சி?" என்றாள்.