ஸ்னூஸ்: ‘தள்ளிவை’ வேண்டாம், ‘மறுமணி’ சரிவருமா?

வணக்கம்.

வகுப்பு நினைவூட்டும் செயலிக்கான தமிழ்ச் சொற்கள் பெரும்பாலும் முடிவாகிவிட்டன. ரிமைண்டருக்கு நினைவூட்டல், நோட்டிஃபிகேஷனுக்கு அறிவிப்பு. அலாரத்தை அலாரமாகவே விட்டுவிடுவதில் எனக்கு மறுப்பில்லை. அடிக்கும் அலாரத்தை நிறுத்தி, சில நிமிடம் கழித்து மறுபடி அடிக்கச் சொல்லும் ஸ்னூஸ்தான் இழுத்துக்கொண்டே போகிறது.

‘தள்ளிவை’ நல்ல தமிழ்தான். ஆனால் நேற்று அதைச் சோதனைப் பதிப்பில் போட்டுப் பார்த்தேன். 8:50-க்கு நினைவூட்டல் வந்தது, பொத்தானை அழுத்தினேன். திரையில் வந்த வரி: ‘கணிதம் 9:00, 5 நிமிடம் தள்ளிவைக்கப்பட்டது’. பக்கத்தில் இருந்த மாணவி உடனே கேட்டார், “அப்போ கிளாஸ் 9:05-க்கா?” வகுப்பைத் தள்ளிவைப்பது ஆசிரியர். நாம் தள்ளிவைப்பது சத்தத்தை. இரண்டுக்கும் ஒரே வினையைப் போட்டால் யாராவது ஒருவர் வகுப்பைத் தவறவிடுவது உறுதி.

‘துயில்’, ‘கண்ணயர்’ இரண்டும் படுக்கையோரக் கடிகாரத்துக்குப் பொருந்தும். மதியம் 2 மணி ஆய்வக வகுப்புக்குக் கிளம்ப வேண்டியவர் தூங்கவில்லையே, சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

நுட்பமும் வேறு கதைதான் சொல்கிறது. நாட்காட்டிச் செயலிகள் தகவல் பரிமாறிக்கொள்ளும் ஐகேலண்டர் வடிவத்தின் அலாரங்களுக்கென 2021-இல் வந்த ஆர்.எஃப்.சி. 9074 என்ற இணையத் தர ஆவணத்தைப் பாருங்கள். ஸ்னூஸ் செய்தால் பழைய அலாரம் நகர்வதில்லை. அதைப் பார்த்தாயிற்று என்று குறித்துவிட்டு, அதோடு தொடர்புபடுத்தி இன்னோர் அலாரத்தைப் புதிதாகச் சேர்க்கிறார்கள். ஆக, தள்ளுவது எதுவுமில்லை. மறுபடி ஒருமுறை அடிக்கிறது, அவ்வளவுதான்.

அதனால்தான் ‘மறுமணி’ என்கிறேன். மறுதேர்வு, மறுகூட்டல் எல்லாம் மாணவர்கள் வாயில் புழங்கும் சொற்கள், இதையும் விளக்கம் இல்லாமலே பிடித்துக்கொள்வார்கள். ‘மறுமணி வை’, ‘மறுமணி இடைவெளி’, ‘தானியங்கு மறுமணி’ என்று அமைப்புப் பக்கம் முழுக்க ஓடுகிறது. முதலில் ‘பொறு’ என்றுதான் யோசித்தேன், பொத்தானில் அத்தனை அழகாக உட்கார்ந்தது. பெயர்ச்சொல் ஆக்கினால் ‘பொறுப்பு’ என்று வேறெங்கோ போய்விடுகிறது. ‘மீள்மணி’ புணர்ச்சி விதிப்படி ‘மீண்மணி’ ஆகும், படிக்கிறவர் திணறுவார்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. மறுநாள் என்பதைப் போல இதை ‘அடுத்த மணி நேரம்’ என்று யாரும் படித்துவிடுவார்களோ? பொத்தானில் ‘மறுமணி: 5 நிமிடம்’ என்று எழுதினால் குழப்பம் வராது. அறிவிப்பின் கீழே இடம் குறைவு, அங்கே வெறும் ‘மறுமணி’தான் வரும். அதைப் பார்த்ததும் உங்களுக்கு முதலில் என்ன பட்டது? யோசிக்காமல் அப்படியே எழுதுங்கள்.