புதுப்பிப்பு: பிஓகியூ கோப்பில் 'வேலிடேட்' இயங்காத சிக்கல் தீர்ந்தது

இதுவரை துணை ஒப்பந்ததாரராக மட்டுமே கட்டட வேலை செய்துவந்த நான், முதன்முறையாக தமிழ்நாடு அரசின் டெண்டர் தளத்தில் நேரடியாக விலைப்புள்ளி அளிக்க முயன்றபோது, பிஓகியூ (வேலைகளின் அளவு, விலைப் பட்டியல்) எக்செல் கோப்பில் விலையை நிரப்பிய பிறகும் தொகை எழுத்தால் வரவில்லை, கோப்பைச் சரிபார்க்கும் 'வேலிடேட்' பொத்தானும் இயங்கவில்லை என்று கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

மேக்ரோ (கோப்புக்குள் இயங்கும் சிறு நிரல்) தடுக்கப்பட்டிருக்கும் என்று ஒருவர் சொன்னதே சரியான காரணம். இணையத்திலிருந்து இறக்கும் கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் 2022 முதல் தானாகவே தடுத்துவருவதால், கோப்பைத் திறப்பதற்கு முன்பே வலது சொடுக்கில் 'ப்ராப்பர்ட்டீஸ்' சென்று 'அன்பிளாக்' பெட்டியில் குறியிட வேண்டும். அதன்பின் எல்லாக் கட்டங்களும் ஒழுங்காக நிரம்பின. கோப்பின் பெயரை மாற்றக்கூடாது என்ற இன்னொருவரின் எச்சரிக்கையும் முக்கியமானது. பெயர் மாறினால் தளம் அந்தக் கோப்பை ஏற்காது.

எதிர்பாராத விஷயம் ஒன்று உண்டு. தகுதி ஆவணங்கள் அடங்கிய தொழில்நுட்ப உறை, விலைக் கோப்பு அடங்கிய விலை உறை இரண்டையும் டிஜிட்டல் கையொப்பத்துடன் பதிவேற்றினால் மட்டும் போதாது. விலைப்புள்ளியை (பிட்) இறுதிசெய்யும் 'ஃப்ரீஸ் பிட்' பொத்தானை அழுத்தி, பிட் எண்ணுடன் ஒப்புகைச் சீட்டு வந்தால்தான் சமர்ப்பிப்பு முழுமையாகும். கடைசி நேரத்தைக் கணக்கிடுவது தளத்தின் மேலே ஓடும் சர்வர் கடிகாரமே, நம் கணினியின் நேரம் அல்ல.

என்னைப் போலத் துணை ஒப்பந்தத்திலிருந்து வருபவர்கள், முதன்மை ஒப்பந்ததாரர் தரும் அனுபவச் சான்று ஏற்கப்படுமா என்பதைத் தகுதி விதிகளில் முதலிலேயே பார்த்துவிடுங்கள். எனக்கு ஒப்புகைச் சீட்டு வந்துவிட்டது; தொழில்நுட்ப உறை இன்னும் திறக்கப்படவில்லை.