செவித்திறனை மீட்கும் ஆய்வு: பணம் முதலில் எங்கே போகவேண்டும்?

செவிமடல்:
உள்காதில் ஒலியை நரம்புச் சமிக்ஞையாக மாற்றுவது மயிர்ச்செல். செத்த மயிர்ச்செல்லை மறுபடி வளர்க்கும் மருந்துகளுக்கு இனியும் நிதி ஒதுக்கக் கூடாது. அந்த வகையைச் சேர்ந்த எஃப்எக்ஸ்-322 மருந்து 2023 பிப்ரவரியில் இரண்டாம் கட்டச் சோதனையில் தோற்றது. பிளாசிபோ (மருந்தில்லாத போலி ஊசி) பெற்றவர்களைவிட மருந்து பெற்றவர்களுக்குச் சொல் புரிதல் கூடவில்லை. காது கேளாமைக்கு உதவி தேவைப்படுவோர் 43 கோடிப் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காது மெஷினும், உள்காதில் பொருத்தி நரம்பை மின்சாரத்தால் தூண்டும் காக்ளியர் இம்பிளாண்டும் இன்றே பயன் தருகின்றன, பணம் அங்கே போகட்டும்.

நத்தைச்சுருள்:
இம்பிளாண்ட் பயன் தருகிறது, சரி. ஆனால் 3,500 உள் மயிர்ச்செல்கள் பார்க்கும் வேலையை அதில் 12 முதல் 22 மின்முனைகள்தான் பார்க்கின்றன. காக்ளியா என்ற உள்காதுச் சுருளுக்குள் இருப்பது உப்புத் திரவம். ஒரு மின்முனையின் மின்னோட்டம் அதில் பரவிப் பக்கத்து மின்முனையின் நரம்புகளையும் தூண்டிவிடுகிறது. அதனால்தான் அமைதியான அறையில் பேச்சு புரிகிறது, கூட்டத்தில் குழம்புகிறது, பாட்டில் சுருதி பிடிபடுவதில்லை.

ஆய்வு வெறுங்கையோடும் நிற்கவில்லை. மயிர்ச்செல் நரம்புக்குச் சமிக்ஞை அனுப்பத் தேவையான புரதம் ஓட்டோஃபெர்லின். அதன் மரபணுவில் புரதத்துக்கான பகுதி மட்டும் சுமார் 6,000 எழுத்து நீளம், மரபணுவைச் செல்லுக்குள் சுமந்து செல்லும் ஏஏவி வைரஸில் 4,700தான் அடங்கும். இரண்டாக வெட்டி இரண்டு வைரஸில் ஏற்றினார்கள். ஷாங்காயில் இந்த மரபணுக் குறையால் காது கேளாத 6 குழந்தைகளில் 5 பேருக்குக் கேட்பு வந்தது, 2024இல் முடிவு வெளியானது.

செவிமடல்:
அந்தக் குழந்தைகளின் மயிர்ச்செல்கள் உயிரோடு இருந்தன, ஒரு புரதம்தான் இல்லை. இரைச்சலாலும் முதுமையாலும் செல்லே செத்தவருக்கு இது எப்படிச் சான்றாகும்?

ஒலிமானி:
இருவருமே அளவீட்டைத் தொடவில்லை. 50 சொல் பட்டியலைக் கேட்டு 25 சரியாகத் திருப்பிச் சொன்னவர் மறுமுறை 16 சொன்னாலும் 34 சொன்னாலும், அது வெறும் தற்செயலாக இருக்கலாம். சோதனையில் சேர விரும்பி முதல் தேர்வில் குறைத்துச் சொல்பவரும் உண்டு, அவருக்குப் பிளாசிபோவிலேயே 'முன்னேற்றம்' தெரியும். எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் ஆடியோகிராமும் எந்தச் செல் செத்தது என்று காட்டாது. காக்ளியாவில் சதை எடுத்துப் பார்த்தால் மிச்சக் கேட்பும் போய்விடும்.

மருந்து போய்ச் சேருவதும் சிக்கல்தான். செவிப்பறை வழியாக நடுக்காதில் ஊசி போட்டால், விழுங்கும்போதெல்லாம் ஒரு பங்கு தொண்டைக்கு வடிகிறது. மிச்சம் நடுக்காதுக்கும் காக்ளியாவுக்கும் இடையிலுள்ள வட்டச் சாளரச் சவ்வில் ஊறி உள்ளே போனாலும் சுருளின் அடிப்பகுதியிலேயே தங்கிவிடுகிறது. சுமார் 35 மி.மீ. தாண்டி நுனியிலுள்ள தாழ்ந்த ஒலிகளின் செல்களுக்கு எட்டுவது மிகக் குறைவு. ஆகவே முடிவு பூஜ்யம் என்றால் மருந்து பயனற்றதா, போய்ச் சேரவில்லையா, அளவீடு தவறா என்று பிரிக்கவே முடியாது.

செவிமடல்:
அளவீட்டுக்கும் மருந்து செலுத்தும் முறைக்கும் என்றால் நிதி ஒதுக்கலாம், அதில் எனக்கு மறுப்பில்லை. புதிய மருந்துக்கு மட்டும் இப்போது வேண்டாம்.

நத்தைச்சுருள்:
மருந்தை நிறுத்தினால் அளவீட்டை எதில் சோதிப்பீர்கள்? சேர்க்கும் முன் இரண்டு வார இடைவெளியில், ஒரே கடினம் உள்ள வெவ்வேறு பட்டியல்களில் இரண்டு தேர்வு வையுங்கள், மதிப்பெண் ஒத்துப்போனவரை மட்டும் எடுங்கள். ஆள் சேர்க்க நாள் கூடும். அந்தச் செலவையும் முதல் விண்ணப்பத்திலேயே எழுதிக் கேட்கவேண்டும்.