ஃபிராங்கன்ஸ்டைனின் பிறவிக்கு உயிர் கொடுத்தது மின்சாரமா?

செம்பருத்தி: 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலில் விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன், தான் உருவாக்கிய பிறவிக்கு மின்னலைப் பாய்ச்சி உயிர் கொடுத்தான் என்றே எல்லாரும் எழுதுகிறார்கள். அதை எழுதிய மேரி ஷெல்லியின் 1818 பதிப்பை எடுத்துப் பாருங்கள். நவம்பர் இரவு, ஜன்னலில் மழை, அணையப்போகும் மெழுகுவர்த்தி. கருவிகளைச் சுற்றி வைத்துக்கொண்டு உயிர்ப்பொறியைப் புகுத்தப்போவதாகச் சொல்கிறான். அவ்வளவுதான். என்ன கருவி என்று பேச்சே இல்லை. மின்னல் ஆய்வுக்கூடம் 1931 திரைப்படத்தில் வந்தது.

கவின்: அக்கா, பெயர் சொல்லாவிட்டால் மின்சாரம் இல்லை என்று ஆகிவிடுமா? அதே பதிப்பில் சிறுவன் விக்டர் கண்ணெதிரே ஓக் மரம் மின்னலில் சிதறுகிறது. அப்பா சின்ன மின் இயந்திரமும் பட்டமும் செய்து காட்டுகிறார். 1803 ஜனவரியில், லண்டனில், தவளைக் காலை மின்சாரத்தால் துடிக்கவைத்த கால்வானியின் சகோதரி மகன் ஆல்டினி, தூக்கிலிடப்பட்ட ஜார்ஜ் ஃபார்ஸ்டரின் உடலில் மின்சாரம் பாய்ச்சினார். தாடை துடித்தது, ஒரு கண் திறந்தது. ஊரே பேசிய விஷயம்.

செம்பருத்தி: அப்போது மேரிக்கு ஐந்து வயது. கால்வானிசம், அதாவது மின்சாரத்தால் உடலை அசைப்பது, என்று அவரே எழுதியது நாவலின் 1831 பதிப்பு முன்னுரையில்தான். கிளாஸ்கோவில் ஆண்ட்ரூ யூர் பிணத்தை அசைத்ததையும் சிலர் இழுக்கிறார்கள். அது 1818 நவம்பர். நாவல் ஜனவரியிலேயே வந்துவிட்டது. விக்டர் படித்தது வேதியியல். மேரியும் 1816இல் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவியின் வேதியியல் நூலைத்தான் படித்தார்.

கவின்: கிளாஸ்கோ விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அந்த டேவி 1807இல் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிரித்தெடுத்தது எதை வைத்து? வோல்டாவின் மின்னடுக்கை, அதாவது உலோக வில்லைகளை அடுக்கிச் செய்த பேட்டரியை, வைத்து. அன்றைய வேதியியலில் இருந்து மின்சாரத்தை எப்படிப் பிரிப்பீர்கள்?

இயற்பியல் வாத்தியார்: அந்த அடுக்கை வகுப்பில் செய்திருக்கிறேன். செம்பு வில்லை, உப்புநீரில் நனைத்த அட்டை, துத்தநாக வில்லை, மறுபடி செம்பு. ஆறு ஜோடியில் சிவப்பு எல்.இ.டி. எரிந்தது. இரண்டு முனையிலும் நாக்கை வைத்தால் சுருக்கென்று ஒரு புளிப்பு. வோல்டாவும் நாக்கில் வைத்துத்தான் சோதித்தார். 1800இல் அதைச் சுவைத்தவனுக்கு, உடம்புக்குள் ஏதோ விழித்துக்கொண்ட மாதிரி இருந்திருக்கும்.

செம்பருத்தி: டேவி பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன் கவின். ஆனாலும் விக்டர் அந்த ரகசியத்தைச் சொல்ல மாட்டேன் என்று, நாவலில் தன் கதையைக் கேட்கும் வால்டனிடம் வெளிப்படையாகவே மறுக்கிறான். மேரி வேண்டுமென்றே மூடிய கதவு அது. அங்கே கம்பியும் மின்னலும் வைத்து நிரப்புவது எனக்குப் பொறுக்கவில்லை.

கவின்: மூடிய கதவுதான் அக்கா. உள்ளே இருந்து என்ன வாசனை வருகிறது என்றுதான் நான் சொல்கிறேன். வாத்தியார் சார், வில்லைகள் எங்கே கிடைத்தன?

இயற்பியல் வாத்தியார்: ஹார்டுவேர் கடையில் துத்தநாகம் பூசிய வாஷர் கேளுங்கள். செம்புத் தகட்டை அதே அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். அட்டையில் தண்ணீர் சொட்டக் கூடாது, பிழிந்துவிட்டு வையுங்கள்.