டொராண்டோ தீவுப் பூங்கா: முட்டிவலிக்காரர்களோடு போக யோசனை வேண்டும்

பிள்ளைகளைப் பார்க்க டொராண்டோ போய்வந்த சேலத்துக்காரர்கள் கொஞ்சம் உதவுங்கள். ஜூலையில் எழுபது வயதைத் தாண்டிய இருவரை அங்குள்ள தீவுப் பூங்காவுக்குக் கூட்டிப்போகத் திட்டம். தீவில் கார் கிடையாது. ஏற்காடு போல வண்டியிலேயே இடத்துக்கு இடம் போய் இறங்க முடியாது.

நகரில் பே தெரு முனையில் உள்ள படகுத்துறையிலிருந்து தீவின் சென்டர், வார்ட்ஸ், ஹான்லன்ஸ் என்ற மூன்று துறைகளுக்கும் தனித்தனிப் படகுகள். டிக்கெட் போகவர ஒன்றுதான், திரும்பும்போது எந்தத் துறையிலும் ஏறலாம். சனி, ஞாயிறு மதியம் சென்டர் படகுக்கு வரிசை நீளும். அதனால் வார நாளில், காலையிலேயே வார்ட்ஸ் போய், சென்டரில் படகேறித் திரும்ப நினைப்பு. வார்ட்ஸிலிருந்து ஹான்லன்ஸ் வரை சுமார் ஐந்து கிலோமீட்டர், அது வேண்டவே வேண்டாம்.

வார்ட்ஸ்–சென்டர் வழியில் நிழலும் உட்கார பெஞ்சும் எவ்வளவு தூரத்துக்கு ஒன்று? கழிப்பறை? நான்கு சக்கர மிதிவண்டி வாடகைக்குக் கிடைக்கும் இடம் சென்டர் துறையிலிருந்து எவ்வளவு நடை? மிதிக்காமல் சும்மா உட்கார்ந்து வர அதில் பெரியவர்களுக்கு வசதிப்படுமா? புளிசாதம், தயிர்சாதம் கட்டிக்கொண்டு போகிறோம், சாப்பாட்டுக் கவலை இல்லை. ஏரிக்காற்றுக்கு ஜூலையிலும் ஸ்வெட்டர் தேவையா என்றும் சொல்லுங்கள்.