பதின்மூன்று வருடப் படிப்பு எட்டரையாகுமா?

வெள்ளவத்தை ஆசிரியர்: உலக வங்கியின் 2020ஆம் ஆண்டு மனித மூலதனச் சுட்டெண்ணை, அதாவது இன்று பிறக்கும் பிள்ளை கல்வியாலும் சுகாதாரத்தாலும் வளர்ந்தபின் எவ்வளவு உற்பத்தித்திறன் பெறும் என்ற அளவீட்டைக் காட்டி, “நம் இலங்கைப் பிள்ளைகள் 13.2 வருடம் படித்தும் தேறுவது எட்டரை வருடப் படிப்பே, இலவசக் கல்வி வெறும் வேடம்” என்று கணக்காளர் நேற்று எழுதியிருந்தார். 1945 முதல் கட்டணமின்றிப் படித்து மேலே வந்த தலைமுறைகளை ஒரே வரியில் தள்ளிவிட இவருக்கு எப்படி மனம் வந்தது?

கொட்டாஞ்சேனைக் கணக்காளர்: இதில் மனத்துக்கு வேலையில்லை ஐயா, பெருக்கல்தான். சர்வதேசச் சோதனை அளவில் நம் மாணவரின் புள்ளி 400, மிக உயர்ந்த தேர்ச்சிக்கு வைத்த அளவுகோல் 625. 13.2ஐ 400ஆல் பெருக்கி 625ஆல் வகுத்தால் எட்டரைக்குச் சற்றுக் குறைவாகவே வருகிறது.

வெள்ளவத்தை ஆசிரியர்: அந்த 625ஐச் சிங்கப்பூரே எட்டவில்லை, அவர்களது புள்ளி 575, அங்கும் 13.9 வருடம் 12.8 ஆகச் சுருங்குகிறது. அவர்கள் தம் கல்வியை வேடம் என்கிறார்களா?

கொட்டாஞ்சேனைக் கணக்காளர்: அவர்கள் இழந்தது ஒரு வருடம், நாம் இழந்தது ஏறக்குறைய ஐந்து. எட்டரை எட்டரைதான்.

தெஹிவளை வாசகி: சுட்டெண்ணில் சுகாதாரமும் உண்டு என்பதை இருவரும் மறந்துவிட்டீர்கள். 15 வயதினரில் 60 வயதுவரை உயிரோடிருப்போர் 90 வீதம், வயதுக்கேற்ற உயரமுள்ள சிறு பிள்ளைகள் 83 வீதம், இவையும் சேர்ந்தே நமக்கு ஒன்றுக்கு 0.60 கிடைத்தது. அநுராதபுரத்தில் சிறுநீரக நோயால் நாற்பது வயதிலேயே மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்ட விவசாயி அறுபதுவரை மூச்சு விட்டால் போதும், இந்த அளவீட்டில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. வாதிடுவதானால் அதைப் பற்றி வாதிடுங்கள்.

வெள்ளவத்தை ஆசிரியர்: நல்லது தங்கச்சி, அதைப் பிறகு பார்ப்போம். எட்டரை என்பவர் தம் மகனைச் சர்வதேசப் பாடசாலைக்கு அனுப்புகிறவர்; அரச பாடசாலையின் வாசலையே மிதிக்காதவருக்கு அதன் தரத்தை அளக்க என்ன தகுதி?

கொட்டாஞ்சேனைக் கணக்காளர்: என் மகனை இழுக்க வேண்டாம். புலமைப்பரிசில் பரீட்சை பற்றிய விவாதத்தில் வாயடைத்துப்போன கோபம் ஐயாவுக்கு இன்னும் ஆறவில்லை போலும். பாடசாலையிலேயே படிப்பு நிறைகிறதென்றால், உங்கள் வீட்டு முன்கூடத்தில் மாலைதோறும் வாங்கு போட்டு ரியூசன் நடத்துவது எதற்கு?

வெள்ளவத்தை ஆசிரியர்: என் வாங்குகளை எண்ணுவதை விட்டுவிட்டு, நான் கேட்டதற்குப் பதில் சொல்லும். 625ஐ எட்டிய நாடு எது?

கொட்டாஞ்சேனைக் கணக்காளர்: எட்டரை, ஐயா.